மூலைவிட்டத்தில் ஒரு குடும்பஸ்தன்

எங்கள் வீடு மனைவி பெயரில் இருக்கிறது. ஸ்கூட்டர் மகள் பெயரில். என் பெயரில் இருப்பவை இரண்டு: ஒன்று வீட்டுக்கடன், மற்றது பிளஸ் டூ கணக்கில் வாங்கிய 200-க்கு 200. முதலாவதை மாதம் ஒருமுறை வங்கி நினைவூட்டும். இரண்டாவதை வாரம் இருமுறை நானே நினைவூட்டிவிடுவேன்.

அந்த மதிப்பெண் பட்டியலை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த வருடம் பொறியியல் முதல் செமஸ்டரில், அதே கணக்கில் விழுந்த அரியரைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை நான் லேமினேட் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி மோட்டாரைப் போட்டாள். "என்னங்க, தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. இருபது நிமிஷத்துல நிறுத்திடுங்க. இப்பத்தான் ஹால் துடைச்சிருக்கேன், ஈரம் காயற வரைக்கும் நடக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். "நான் பாத்துக்கறேன்" என்றேன். இருபத்தைந்து வருட இல்லறத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியமும் குறைவாகக் காப்பாற்றிய வாக்கியமும் இதுதான்.

சோபாவில், விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொறியியல் முதல் வருடம். "அப்பா, நாளன்னிக்கு டெஸ்ட். இந்த ஐகன் மதிப்பைக் கொஞ்சம் கண்டுபிடிச்சுக் காட்டேன்" என்றாள்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். தேவையில்லாவிட்டாலும் அப்படிச் செய்தால் ஒரு கம்பீரம் வருகிறது.

கணக்கு இதுதான். இரண்டுக்கு இரண்டு அணி. மேல் நிரையில் 4, 1. கீழ் நிரையில் 2, 3. பார்ப்பதற்குச் சாது. நாலே நாலு எண்கள், வீட்டில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைவிட ஒன்றுதான் கூடுதல்.

அணி என்பது ஓர் இயந்திரம். ஓர் அம்பை உள்ளே விட்டால், நீளத்தையும் திசையையும் மாற்றி வேறோர் அம்பாக வெளியே தள்ளும். ஆனால் பல இயந்திரங்களில் அசைந்து கொடுக்காத சில திசைகள் உண்டு. அந்தத் திசையில் போகிற அம்பு தன் கோட்டை விட்டு விலகாது. நீளம் மட்டும் மாறும். எத்தனை மடங்கு மாறுகிறது என்பதுதான் ஐகன் மதிப்பு. 'ஐகன்' என்றால் ஜெர்மன் மொழியில் 'சொந்த' என்று பொருள். அதாவது ஓர் அணிக்கு உள்ளபடியே இருக்கும் சொந்த மதிப்பு. எனக்கு வீட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கணக்கிட்டதில்லை.

நான் முறைப்படி இறங்கினேன். மூலைவிட்டத்தில் லாம்டாவைக் கழித்தேன், அணிக்கோவை எடுத்தேன், இருபடிச் சமன்பாடு போட்டேன், காரணிப்படுத்தினேன். ஒன்றரைப் பக்கம். விடை: 6, 1. அடியில் இரண்டு கோடு இழுத்தேன். சென்டம் வாங்கியவர்கள் ஒரு கோடோடு நிறுத்துவதில்லை.

மகள் நோட்டைப் பார்த்தாள். மூன்று விநாடி. "தப்புப்பா."

"எப்படித் தப்பு? ஒரு ஸ்டெப் கூடப் பாக்காம சொல்றே?"

"மூலைவிட்டத்துல இருக்கிற 4-யும் 3-யும் கூட்டு. 7. அது சுவடு. ஐகன் மதிப்புகளோட கூட்டுத்தொகை எப்பவும் சுவடுதான் வரும்."

"என் விடையும் 6-ம் 1-ம், கூட்டினா 7-தானே?" என்று எழுந்தே விட்டேன்.

"உக்காரு. பெருக்கிப் பாரு. ஐகன் மதிப்புகளைப் பெருக்கினா அணிக்கோவை வரணும். 4, 3 பன்னிரண்டு. குறுக்கே 1, 2 ரெண்டு. கழிச்சா 10. உன்னோடது 6 வருது. கூட்டினா 7, பெருக்கினா 10. அப்ப 5-ம் 2-ம். முடிஞ்சு போச்சு."

உட்கார்ந்தேன். ஒன்பதாம் வகுப்பில் காரணிப்படுத்தும்போது 'கூட்டினால் இது, பெருக்கினால் அது' என்று இரண்டு எண்களைத் தேடுவோமே, அதே வித்தைதான். என் தவறு எங்கே என்று தேடினேன். குறுக்கே பெருக்க வேண்டிய இடத்தில், கீழ் நிரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த 2-ஐயும் 3-ஐயும் பெருக்கி 6 என்று வைத்திருந்தேன். சந்தேகம் தீராமல் சோதித்தும் பார்த்தேன். (1, 1) என்ற அம்பை உள்ளே விட்டால் (5, 5) வருகிறது. ஐந்து மடங்கு. (1, -2) என்பதை விட்டால் (2, -4). இரண்டு மடங்கு. மகள் சொன்னது சரி. மகள்கள் சொல்வது சரியாக இருப்பது பெற்றோருக்குப் பெருமை என்று எங்கேயோ படித்திருக்கிறேன். எழுதியவருக்கு மகன்கள் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும்.

இதில் என்னைச் சுட்டது ஒன்றுதான். என் விடை சுவட்டுச் சோதனையில் தேறியது, அணிக்கோவைச் சோதனையில் மாட்டிக்கொண்டது. சுவடு என்ற சொல்லே எச்சரிக்கிறது. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஷ்பூர்'. காலடித் தடம் என்று பொருள். தமிழிலும் அதையேதான் வைத்திருக்கிறோம். தடத்தைப் பார்த்தால் யாரோ நடந்திருக்கிறார் என்று தெரியும். நடந்தவர் திருடரா, பால்காரரா என்று தெரியாது.

தோற்றவர்கள் வழக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். பேச்சை வரலாற்றுக்குத் திருப்பினேன்.

"உனக்குத் தெரியுமா, 'மேட்ரிக்ஸ்'னு பேர் வச்சவர் சில்வெஸ்டர். 1850-ல. அதுக்கு லத்தீன்ல கருப்பைன்னு அர்த்தம். அணிக்கோவைகள் எல்லாம் அதுலேருந்து பிறக்குதுன்னு அந்தப் பேர் வச்சார்."

"அப்ப அணிதான் முதல்ல வந்துச்சா?"

அங்கேதான் வேடிக்கை. ஜப்பானில் செகி தகாகாசு 1683-லேயே அணிக்கோவையைக் கையாண்டிருக்கிறார். ஜெர்மனியில் லைப்னிட்ஸ் 1693-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிளஸ் டூவில் நாம் மனப்பாடம் செய்யும் விதியை கிராமர் வெளியிட்டது 1750-ல். ஆக, பிள்ளை பிறந்து 167 வருடம் கழித்துத்தான் தாய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்: குற்றம் முதலில் நடந்துவிடும், காரணம் என்று ஒன்றை நான் அப்புறம் பெற்றெடுப்பேன்.

சில்வெஸ்டரின் நண்பர் கேலி. லண்டனில் 14 வருடம் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டே கணிதம் செய்தவர். 1858-ல் அணிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எந்தச் சதுர அணியும், லாம்டா வைத்து எழுதும் தன் சொந்தச் சமன்பாட்டுக்குத் தானே கட்டுப்படும் என்பது அதில் வரும் செய்தி. இரண்டுக்கு இரண்டுக்கு நிரூபித்துக் காட்டினார். மூன்றுக்கு மூன்றைச் சரிபார்த்துவிட்டதாகச் சொன்னார். அதற்கு மேலே? பொதுவாக நிரூபிக்கும் உழைப்பு அவசியமென்று தோன்றவில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். முழுசாக நிரூபித்தவர் ஃப்ரோபீனியஸ், 1878-ல். ஆனால் 'கேலி–ஹாமில்டன் தேற்றம்' என்ற பெயரில் கேலி இருக்கிறார், ஹாமில்டன் இருக்கிறார், ஃப்ரோபீனியஸ் இல்லை. வேலையை ஆரம்பித்து வைப்பவருக்குப் பெயர், முடித்து வைப்பவருக்கு முதுகுவலி. இந்த ஏற்பாடு எங்கள் சமையலறையிலும் அமலில் இருக்கிறது. கேலியின் இடத்தில் நான்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். "நான்கூட பரீட்சையில இந்தத் தேற்றத்தை ஒரே வரியில நிரூபிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

"ஒரே வரியிலயா?"

"லாம்டா இருக்கிற இடத்துல அணியையே தூக்கிப் போட்டேன். அணியிலேருந்து அணியைக் கழிச்சா பூச்சியம். பூச்சியத்தோட அணிக்கோவை பூச்சியம். முடிஞ்சுது."

மகள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "அப்பா, லாம்டா ஒரு எண். எண்ணுக்குப் போட்ட நாற்காலியில ஒரு அணியை உட்கார வச்சா எப்படி? அதோட உனக்குக் கிடைச்ச பூச்சியம் ஒரு எண். தேற்றத்துல வரவேண்டியது பூச்சிய அணி. அம்மா பால் வாங்கிட்டு வரச் சொன்னா பால்காரரைக் கூட்டிட்டு வர மாதிரி இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "இதுக்கு எத்தனை மார்க் போட்டாங்க?"

"அதுவும் ஒரு எண்தான்" என்றேன். அது எந்த எண் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் பீரோவின் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

அவள் சும்மா விடவில்லை. நம் அணியை அதனாலேயே பெருக்கிக் காட்டினாள்: மேலே 18, 7, கீழே 14, 11. அதிலிருந்து பழைய அணியைப் போல் ஏழு மடங்கைக் கழித்தாள். மூலைவிட்டத்தில் -10, -10. மற்ற இரண்டும் பூச்சியம். அலகு அணியைப் போல் பத்து மடங்கைக் கூட்டினாள். எல்லாம் துடைத்த மாதிரி பூச்சியம். அந்த ஏழு யார்? சுவடு. பத்து யார்? அணிக்கோவை. நாலு எண்கள் கொண்ட குடும்பத்தை இரண்டே எண்கள் நடத்திக்கொண்டிருக்கின்றன. இதுவும் கேள்விப்படாத செய்தியல்ல. எங்கள் வீட்டில் மூன்று பேர், நடத்துவது ஒருவர்.

சமையலறையிலிருந்து சப்பாத்திக் கட்டையின் சத்தம் வந்தது. மகளுக்கு அதுவும் பாடமாகிவிட்டது.

"அம்மா மாவைத் தேய்க்கிறாங்கல்ல? ஒரு தடவை உருட்டினா நீளவாட்டுல 4 சதவீதம், அகலவாட்டுல 3 சதவீதம் விரியுதுன்னு வச்சுக்கோ. குறுக்கே கொஞ்சம் சாயுது, ஒரு பக்கம் 1 சதவீதம், இன்னொரு பக்கம் 2. பரப்பு எவ்வளவு கூடும்?"

அணிக்கோவை என்பது பரப்பு எத்தனை மடங்கு ஆகிறது என்று சொல்லும் எண். 1.04-ஐ 1.03-ஆல் பெருக்கினால் 1.0712. குறுக்கே 0.01-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.0002. கழித்தால் 1.071. அதாவது 7.1 சதவீதம். வெறுமனே 4-ஐயும் 3-ஐயும் கூட்டினாலே 7. சின்ன மாற்றங்களுக்குச் சுவடே போதும். குறுக்குப் பெருக்கல் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் அது இரண்டு சின்ன எண்களின் பெருக்கல். மாற்றம் பெரிதாகும்போதுதான் குறுக்கே இருப்பவர்கள் தலைதூக்குகிறார்கள்.

எனக்குப் பளிச்சென்று கல்யாணமான புதுசு ஞாபகம் வந்தது. அவள் அவள் பாட்டுக்கு நல்லவள், நான் என் பாட்டுக்கு நல்லவன், கூட்டினால் குடும்பம். அவள் என்னை உரசியதும் நான் அவளை உரசியதும் 0.0002. இப்போது எங்கள் வீட்டில் அந்த எண்ணை யாரும் தசம பின்னத்தில் எழுதுவதில்லை.

"காதலுக்கும் கணக்கு உண்டுன்னு எங்க சார் கிளாஸ்ல சொன்னாருப்பா" என்றாள் மகள். "ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ்னு ஒரு அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். 1988-ல ரோமியோ ஜூலியட் காதல் மாறுற வேகத்தைச் சமன்பாடா எழுதினார். ஜூலியட் நெருங்கினா ரோமியோ ஓடுறான், அவ விலகினா இவன் உருகுறான். முடிவில்லாம சுத்திக்கிட்டே இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல காதலிக்கிறது கால்வாசி நேரம்தான்."

"கால்வாசியா! பரவாயில்லையே" என்றேன், பொறாமையை அடக்கிக்கொண்டு.

"உங்க ரெண்டு பேருக்கும் போட்டுப் பாக்கலாமா?" என்று நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள். மேல் நிரை என் கோபம் மாறும் வேகம், கீழ் நிரை அம்மாவின் கோபம் மாறும் வேகம். அதனால் இங்கே ஐகன் மதிப்பு பிளஸ் என்றால் கோபம் வளரும், மைனஸ் என்றால் தணியும். "நீ தனியா விட்டா தானா ஆறிடுவே. அதுக்கு -1. அம்மாவும் அப்படித்தான், -1. இப்ப ஒருத்தர் கோபம் இன்னொருத்தரைக் கிளப்புது. ரெண்டு பக்கமும் 2 வைப்போம்."

சுவடு -2. நல்ல சகுனம், கோபம் குறைகிற பக்கம். சொந்தக்காரர்கள் எங்களைப் பற்றி, "தனித்தனியா பார்த்தா ரெண்டு பேரும் தங்கம்" என்று சொல்வார்களே, அவர்கள் சுவட்டை மட்டும் பார்த்தவர்கள். அணிக்கோவை: ஒன்றிலிருந்து நாலைக் கழித்தால் -3. கூட்டினால் -2, பெருக்கினால் -3 வரவேண்டும். 1-ம் -3-ம். அந்த 1 தான் வில்லன். எவ்வளவு நேரம் போகிறதோ அவ்வளவு கோபம் வளரும். தங்கமான இரண்டு பேர், வீடு பற்றி எரிகிறது.

"குறுக்கே 2-க்குப் பதில் 1 வச்சா?" என்றேன். அணிக்கோவை பூச்சியம். ஐகன் மதிப்புகள் பூச்சியமும் -2-ம். இருவர் கோபமும் சம அளவுக்கு வந்து நின்றுவிட்டால் அப்புறம் கூடாது, குறையாது, அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் இதற்கு 'மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறது' என்று பெயர். அதிகபட்ச சாதனை நாலு நாள். மகள் வழியாகவே சாம்பார் பரிமாறப்பட்ட காலம் அது.

"இப்பப் பாரு" என்று மகள் ஒரே ஓர் இடத்தில், என் நிரையில், 2-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டாள். "அம்மா கோபப்பட்டா உன் கோபம் இறங்கணும். நீ கோபப்பட்டா அம்மா கோபம் ஏறட்டும், அது அவங்க இஷ்டம்."

சுவடு அதே -2. அணிக்கோவை ஒன்றோடு நாலைக் கூட்டி 5. சுவட்டின் வர்க்கம் 4; அணிக்கோவையைப் போல் நாலு மடங்கு 20. முன்னது சிறியது என்றால் ஐகன் மதிப்புகள் மெய்யெண்களாக இருக்காது, கதை சுழலும். சுவடு மைனஸில் இருப்பதால் சுழன்று சுழன்று உள்ளே அடங்கும். கோபம் வரும், போகும், மறுபடி கொஞ்சம் வரும், கடைசியில் காபி வரும். சுவடு மைனஸாக, அணிக்கோவை பிளஸாக இருந்தால் வீடு நிற்கும். அவ்வளவுதான் சட்டம். அதற்கு ஒரே ஒரு கழித்தல் குறி போதும். அதை யார் நிரையில் போடுவது என்பதைக் கணிதம் சொல்லவில்லை. அம்மாவின் நிரையில் போட்டாலும் அதே 5 தான் வருகிறது. அதை நான் சுட்டிக்காட்டினேன். "போய்ப் போட்டுட்டு வா" என்றாள் மகள். நான் போகவில்லை.

"ஆனாலும் குடும்பஸ்தனுக்குக் கணிதத்துல ஒரு மரியாதை இருக்குடீ" என்று கைபேசியை எடுத்தேன். ஆல்ஸ்டன் ஹவுஸ்ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1958-ல் வெளியிட்ட கட்டுரையால் ஒரு வகை அணிக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஹவுஸ்ஹோல்டர் அணி! குடும்பஸ்தன் அணி! என்ன செய்கிறது என்று படித்தேன். அது வெறும் கண்ணாடி. பக்கவாட்டில் போவதை அப்படியே போகவிடும்; நேருக்கு நேர் வருவதைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கு இரண்டில் அதன் ஐகன் மதிப்புகள் 1, -1. சுவடு பூச்சியம். அணிக்கோவை -1. இரண்டு முறை பயன்படுத்தினால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும். வேலை நடந்த அடையாளமே இருக்காது.

என் வாழ்க்கை வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. "என்னங்க, கேஸ் புக் பண்ணியாச்சா?" என்று நேராக வந்தால், "நீ கரண்ட் பில் கட்டியாச்சா?" என்று திருப்பி அனுப்புகிறேன். சுவடு பூச்சியம். நான் வீட்டில் இருந்ததற்கான தடமே கிடையாது.

இந்த ஞானத்தில் நான் திளைத்துக்கொண்டிருந்தபோது வெளியே சளசளவென்று ஒரு சத்தம் கேட்டது. "மழையாப்பா?" என்றாள் மகள்.

மழை இல்லை. இருபது நிமிடம் என்று வரையறுக்கப்பட்ட மோட்டார், ஐகன் மதிப்பில் தொடங்கி ஹவுஸ்ஹோல்டர் வரை ஐம்பது நிமிடம் ஓடியிருந்தது. மாடியிலிருந்து தண்ணீர் அருவியாக வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் ஹாலின் பின் மூலையில் இருக்கிறது. சென்டம் வாங்கிய மூளை என்ன செய்திருக்க வேண்டும்? நேராக ஸ்விட்சுக்குப் போயிருக்க வேண்டும். நான் வாசலுக்கு ஓடினேன். தண்ணீர் கொட்டுகிறதா என்று தண்ணீருக்குள் நின்று உறுதி செய்தேன். தோட்டத்து மண்ணோடு அது கணுக்கால் வரை இருந்தது. பிறகு திரும்பி, வாசல் மூலையிலிருந்து ஸ்விட்ச் மூலைக்கு, துடைத்த ஹாலின் குறுக்கே ஓடினேன்.

மோட்டார் நின்றது. சப்பாத்திக் கட்டையும் நின்றது. மனைவி வந்தாள்.

எங்கள் ஹாலில் வெள்ளை டைல்ஸ், நிரைக்கு ஆறு, நிரலுக்கு ஆறு. மேல் இடது மூலையில் தொடங்கி, கட்டத்துக்கு ஒன்றாக, கீழ் வலது மூலை வரை ஆறு செம்மண் பாதங்கள் பதிந்திருந்தன. குறுக்குக் கட்டங்கள் அனைத்தும் பூச்சியம். இவ்வளவு தெளிவான மூலைவிட்டத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

"அம்மா, அப்பாவோட சுவடு" என்றாள் மகள். காட்டிக்கொடுப்பதில் ஒரு கணிதத் துல்லியம்.

மனைவியின் முகத்தில் கோபம் ஏறியது. என் நிரையில் கழித்தல் குறி இருக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நான் வாயைத் திறக்கவில்லை. சுழன்று அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்குகிற மாதிரிதான் தெரிந்தது. அந்தத் தைரியத்தில், "மூலைவிட்டத்துல இருக்கிறதைக் கூட்டினா சுவடு, ஐகன் மதிப்புகளைப் பெருக்கினா அணிக்கோவை. பாப்பாவுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

மனைவி பின்கட்டுக்குப் போய் விளக்குமாற்றையும் ஈரத்துணியையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"கூட்டுவீங்களோ, பெருக்குவீங்களோ எனக்குத் தெரியாது. விடை சுத்தமா வரணும்."